சூடு ஆறாத சக்கரம்

கார் சக்கரத்துக்கு மெழுகு பூசுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல நான் வேண்டியதில்லை. டப்பாவின் பின்புறம் எழுதியிருக்கிறது. அதில் இல்லாததை உங்கள் முதலாளி முதல் வாரத்திலேயே காட்டிவிடுவார். பிரேக் பிடிக்கும்போது பேடும் டிஸ்கும் உரசி இரும்புப் பொடி பறக்கிறது. சூடாக வந்து சக்கரத்தில் ஒட்டுகிறது. மேலே பனியோ மழையோ பட்டால் துருவாகி உலோகத்தைக் கடிக்கிறது. நடுவில் மெழுகு ஒரு படலமாக நின்றால் பொடி ஒட்டாது. தண்ணீர் அடித்தாலே ஓடிவிடும். தொழில் அவ்வளவுதான்.

மூட்டுத் தேய்மானத்தால் தொழிலை விட்டு வீட்டில் இருக்கும் நான், அம்பத்தூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் சொல்ல நினைப்பது ஒன்றுதான். கழுவுவதற்கு முன் அந்தப் பொடியைப் பாருங்கள். அவசரமாக இருந்தாலும் பாருங்கள். பார்த்த பிறகு, உங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எனக்கு அந்த கர்வம் இருந்தது. சக்கரத்தைப் பார்த்தால் ஓட்டுபவரின் கால் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன். நிதானமாக ஓட்டுபவருக்கு நான்கு சக்கரத்திலும் மெல்லிய சாம்பல் நிறம். கோபக்காரருக்கு முன் சக்கரம் மட்டும் கறுப்பு. ஒரே ஒரு சக்கரம் மட்டும் கறுத்திருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெக்கானிக்கிடம் அனுப்ப வேண்டும். இப்படிப் பல வருடம் சொல்லி, பெரும்பாலும் சரியாகவே இருந்ததால் வந்த கர்வம்.

பருத்திப்பட்டில் ஞானராஜ் சார் என்று ஒரு வாடிக்கையாளர். அரசு அலுவலகத்தில் வேலை. அதிகம் பேசமாட்டார். கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கினார், வெள்ளை நிறம். அந்த வகை வண்டியில் இடது காலுக்கு வேலை இல்லை. அவரோ இடது காலை பிரேக் மீதே வைத்திருப்பார். வலது கால் ஆக்சிலேட்டரில், இடது கால் பிரேக்கில். வாரக் கடைசியில் வண்டி வரும்போது முன் சக்கரங்கள் இரண்டும் அடுப்புக்குள் இருந்து எடுத்தவை போல இருக்கும். சக்கரத்தின் நடுவிலிருந்து பிரியும் ஆரங்களின் உள்மடிப்பில் ஒரே மாதிரி வழிந்திறங்கிய கறுப்பு. அப்படி ஒரு படிவை வேறு எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை.

என்னோடு வேலை செய்த சேகர் அவரிடமே கேட்டுவிட்டான்.

“சார், கோச்சிக்காதீங்க. ரெண்டு காலாலயும் மிதிச்சா வீலு இன்னாத்துக்கு ஆவும்? கரிமூட்டை மேரி கீது.”

சார் சிரித்தார். “ஒரு கால் சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு சேகர். அவசரத்துக்கு பிரேக் கிடைக்காம போயிட்டா?”

“அதுக்குன்னு எப்பப் பாத்தாலும் அவசரமா சார்?”

அதன் பிறகுதான் மாதம் ஒரு முறை வீட்டுக்கே போய் சக்கரத்துக்கு மெழுகு பூசுவது என்று ஏற்பாடு ஆனது. அவரிடம் நான் ஒரு விஷயம் அழுத்திச் சொன்னேன். ஓட்டிக்கொண்டு வந்தவுடன் சக்கரத்தில் தண்ணீர் விடக் கூடாது. சூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் வளைந்துவிடும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் அலுவலகத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் மனைவி விமலா தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நாங்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். காரியங்கள் முடிந்து சில வாரங்களில் போன் செய்தார். “அண்ணா, நீங்க வழக்கம்போல வந்துடுங்க. எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனா வண்டி அவர் வெச்சிருந்த மாதிரியே இருக்கணும்.”

போனோம். போர்டிகோவில் உறை போட்டு வண்டி நின்றது. சாவியை சிஸ்டர் தன் கைப்பையில் வைத்திருந்தார். டியூட்டிக்குப் போகும்போதும் அது அவரோடுதான் போகும். கழுவி, துடைத்து, மெழுகு பூசி முடித்தோம். என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் முன் இடது சக்கரத்தின் காற்று வால்வு கீழே வருமாறு வண்டியை நிறுத்துவேன். அதனால் பயன் எதுவும் கிடையாது. ஒழுங்காக விட்டுவிட்டுப் போகிறோம் என்ற திருப்தி, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் உறையை எடுத்ததும் சேகர் இரண்டு அடி பின்னால் போனான்.

முன் சக்கரங்கள் இரண்டிலும் கறுப்பு. ஆரங்களின் உள்மடிப்பில் ஒரே மாதிரி வழிந்திறங்கிய அதே கறுப்பு. விரலால் தொட்டேன். மெழுகின் மேல் உதிரியாக நின்ற புதுப் பொடி. டயரைப் பார்த்தேன். நாங்கள் விட்டுப்போன சுத்தம் அப்படியே இருந்தது. மண் இல்லை, ஒரு கல் இல்லை. வால்வு கீழே, நான் நிறுத்திய இடத்திலேயே இருந்தது.

“அண்ணாத்தே,” என்றான் சேகர் அடிக்குரலில். “இது சார் தூசு.”

“வாயை மூடு.”

“நீதான சொல்லுவ, வீலப் பாத்தா கால் தெரியும்னு. இது யார் காலு? நீயே சொல்லு.”

என்னால் வேறு பெயர் சொல்ல முடியவில்லை. தரையைத் தொடாமல் ஓடிய வண்டி என்று ஒன்று மனதில் வந்தது. அதைச் சேகரிடம் சொல்லவில்லை.

சிஸ்டர் வெளியே வந்து பார்த்தார். பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, ஆள்காட்டி விரலால் பொடியைத் தொட்டு, விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஏதோ ஒன்று வந்திருந்தது.

“வந்துட்டுப் போயிருக்காரு,” என்றார்.

சேகர் என் பின்னால் ஒதுங்கினான்.

“அண்ணா, மத்ததெல்லாம் கழுவிக்கோங்க. இந்த இடது பக்கத்தை மட்டும் விட்டுடுங்க.”

அதற்கு அடுத்த மாதம் போனபோது சாவி கைப்பையில் இல்லை. கூடத்தில் சார் படத்துக்குக் கீழே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார். “அவர் எடுக்கிறதுக்கு வசதியா இருக்கட்டும்னு,” என்று, விருந்தாளிக்குத் துண்டு எடுத்து வைத்ததைப் போல இயல்பாகச் சொன்னார். அவர் பெண் ஜெனி, பிளஸ் டூ படிப்பவள், டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமலேயே உள்ளே போனாள்.

அந்த மாதமும் கறுப்பு இருந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் அதிகம். டயர்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. வால்வு ஒரு முறை மேலே, ஒரு முறை பக்கவாட்டில். இந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன். கவனித்தும் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. யார் கால் என்று கண்டுவிட்டோம் என்ற நினைப்பு என் கண்ணை மறைத்துவிட்டது. இது நம் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மற்றவர்கள் அந்தப் பொடியை வெறும் அழுக்காகப் பார்த்து, யார் வண்டியை எடுத்தது என்று உடனே கேட்டிருப்பார்கள்.

சிஸ்டர் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “டியூட்டி முடிஞ்சு கேட்டைத் திறக்கும்போது சில நாள் மெழுகுவத்தி அணைச்ச வாசனை வருதுண்ணா. நாங்க யாரும் ஏத்தல. மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் வருமே, அந்த வாசனை. அன்னிக்கெல்லாம் உறையைத் தூக்கிப் பாத்தா புதுசா தூசு இருக்கும்.” அவர் உடம்பு தேறியிருந்தது. சாயந்தரம் உறையை விலக்கி, முன்னால் இடது இருக்கையில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் பேசுவாராம்.

திரும்பும்போது சேகர் பைக்கின் பின்னால் இருந்து கத்தினான். “அண்ணாத்தே, நா சொல்றேன் கேளு. அந்த ஊட்டுக்கு இனிமே நா வரமாட்டேன். பேயிக்கு வீல் கழுவுற கம்பெனி நம்மளுது மட்டுந்தான்.”

ஆனாலும் வந்தான். அவனுக்கும் சார் மேல் பிரியம் இருந்தது.

எப்போதும் சிஸ்டர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பிற்பகலில் போவோம். அன்று வேப்பம்பட்டில் ஒரு வேலை கடைசி நேரத்தில் இல்லை என்றாகிவிட்டது. அதனால் நடுப்பகலிலேயே பருத்திப்பட்டுக்கு வந்துவிட்டோம். கேட் திறந்திருந்தது. பக்கத்து ஏரியிலிருந்து காற்றே இல்லை. தெருவில் ஆள் இல்லை. போர்டிகோ நிழலில் உறை போட்ட வண்டி நின்றது.

கேட்டுக்குள் கால் வைத்ததும் அந்த வாசனை வந்தது. அணைத்த மெழுகுவர்த்தி.

சேகர் என் சட்டையைப் பிடித்தான். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். உறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். யாரோ விரல் நகத்தால் உள்ளிருந்து தகரத்தைத் தட்டுவதைப் போல.

முன்பக்க உறையைத் தூக்கினேன். இட்லிப் பானையைத் திறந்ததுபோல வெக்கை முகத்தில் அடித்தது. சக்கரத்துக்கு அருகில் கையைக் கொண்டுபோனேன். தொட முடியவில்லை. வாசனையும், சூடான இரும்பு ஆறிச் சுருங்கும் அந்த டிக் சத்தமும் அங்கிருந்துதான் வந்தன. நான் பூசிய மெழுகு பிரேக் சூட்டில் கருகிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக சிஸ்டர் சொன்ன வாசனை என் டப்பாவில் இருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. டயர்கள் ஈரமாக இருந்தன.

அதற்குப் பிறகு சக்கர வளையத்தின் விளிம்பைப் பார்த்தேன். இடது சக்கரத்தின் ஓரம் ஒரு கை நீளத்துக்குச் சிராய்ந்து, உலோகம் பளபளவென்று வெளியே தெரிந்தது. சிராய்ப்புக்குள் மஞ்சள் பெயின்ட். பூந்தமல்லி ரோட்டின் நடுவே தடுப்புக் கல்லில் அடித்திருக்கும் மஞ்சள்.

அதுவரை இருந்த பயம் வேறு, இது வேறு. இறந்தவருக்கு நடுத்தடுப்பில் மோத என்ன இருக்கிறது? உயிரோடு இருக்கும் ஒருவர் இந்த வண்டியை லாரிகள் ஓடும் ரோட்டில் ஓட்டியிருக்கிறார். இன்று ஒரு கை அகலத்தில் தப்பியிருக்கிறார். அடுத்த முறை தப்புவாரா தெரியாது.

சேகர் சிராய்ப்பைப் பார்க்கவில்லை. அவனுக்கு அந்த டிக் சத்தத்தை நிறுத்தினால் போதும். ஹோஸ் பைப்பை எடுத்துக் குழாயைத் திறந்துவிட்டான். “கழுவிட்டுப் போலாம் அண்ணாத்தே, கழுவிட்டுப் போலாம்...”

“அங்கிள், தண்ணி ஊத்தாதீங்க! டிஸ்க் வளைஞ்சிடும்!”

வாசலில் ஜெனி நின்றிருந்தாள். பாவாடையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது. கையில் டயர் துடைத்த ஈரத் துணி. தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் குழாயை மூடினேன். “அப்பா சொல்லிக்கொடுத்தாரா?” என்று கேட்டேன்.

“காலி மனையில. ரெண்டு காலையும் வெச்சு ஓட்டுறதுதான் சேஃப்னு சொல்லுவார்.” அவள் ஈரத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். “எனக்கு ஓட்டவே பிடிக்கல அங்கிள். ரொம்பப் பயமா இருக்கு. இன்னிக்கு ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே...”

“பின்ன எதுக்கும்மா ஓட்டுன?” என்றான் சேகர்.

“புதுசா தூசு இல்லன்னா அம்மா சாப்பிட மாட்டேங்குறாங்க.”

நான் படியருகே போய் நின்றேன்.

“தெனமும் உறையைத் தூக்கிப் பாப்பாங்க. தூசு வந்தா நல்லா இருப்பாங்க. கொஞ்ச நாள் ஆனா மறுபடியும் சுருண்டு படுத்துக்குவாங்க. அப்ப நான் எடுத்துட்டுப் போவேன். நல்லா வேகமாப் போயி, அப்பா மாதிரி இடது காலால அழுத்தி அழுத்திப் பிடிப்பேன். அப்பதான் கறுப்பா வரும்.”

“மொத மொதல்ல எப்படித் தோணுச்சு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மொதல் தடவை நான் இல்ல அங்கிள்.”

“என்னம்மா?”

“மொதல் தடவை தூசு வந்தப்ப சாவி அம்மா பையில இருந்துச்சு. எனக்கு எப்படிக் கிடைக்கும்? அன்னிக்கு அம்மா எவ்ளோ சந்தோஷமா இருந்தாங்கன்னு பாத்துட்டுத்தான் அப்புறம் நான்...”

வண்டிக்குள் மீண்டும் ஒரு டிக். சேகர் பைப்பைக் கீழே போட்டுவிட்டான்.

வால்வு நகராமல் இருந்த அந்த முதல் மாதம் எனக்கு நினைவு வந்தது. முந்தைய மாதம் நாங்கள் சரியாகக் கழுவாமல் விட்டிருப்போம் என்று சேகர் பிற்காலத்தில் சொல்லிப் பார்த்தான். கழுவியது நான். மெழுகு பூசியதும் நான். கறுப்பின் மேல் மெழுகு பூசுபவன் நான் இல்லை. அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று உங்களிடம் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

சிஸ்டர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜெனி எழுந்து வந்தாள். “சொல்லிடாதீங்க அங்கிள். இனிமே சத்தியமா எடுக்க மாட்டேன். சூடு ஆறினதும் கழுவிடுங்க. அந்தக் கீறலை எதையாவது தடவி மறைச்சிடுங்க.”

சேகரும் அதையே சொன்னான். “கொயந்த பாவம் அண்ணாத்தே. நம்மகிட்டதான் பாலிஷ் கீதே. ரெண்டு நிமிசம்.”

தம்பிகளே, இந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். நம் வேலையே தடயம் இல்லாமல் செய்வது. மெழுகு பூசிய சக்கரத்தில் எது நடந்திருந்தாலும் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். அந்த நேரத்தில் அது கருணையாகத் தெரியும். வாடிக்கையாளர் கேட்பார், உடன் வேலை செய்பவன் கேட்பான், பரிதாபமாக ஒரு பெண் நின்று கேட்பாள். நான் என்னை ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இவள் அம்மா மறுபடியும் சுருண்டு படுத்தால் இவள் சத்தியம் எத்தனை நாள் நிற்கும்? சாவி அந்த ஆணியில்தான் தொங்கும். அடுத்த லாரி ஹாரன் அடிக்க நேரம் இல்லாமல் வரும்.

“கழுவ வேண்டாம்,” என்றேன். “யாரும் கை வைக்கக் கூடாது.”

ஜெனி மறுபடியும் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சேகர் என்னை முறைத்துவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஸ்கூட்டி சத்தம் கேட்டது. சிஸ்டர் கேட்டுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். மூச்சை இழுத்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்தபின் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது.

“சீக்கிரம் வந்துட்டீங்களா அண்ணா?” என்று கேட்டுக்கொண்டே நேராக வண்டியிடம் வந்து, சக்கரத்தின் பக்கத்தில் கையை நீட்டினார். “சூடா இருக்கு! இப்பதான் வந்திருக்காரு.”

“சிஸ்டர், இங்க பாருங்க.” விளிம்பைக் காட்டினேன். “ரோட்டு நடுவுல கல்லுல இடிச்சிருக்கு.”

அவர் விரலை அந்தச் சிராய்ப்பில் ஓட்டினார். விரலில் மஞ்சள் ஒட்டியது. “அவர் ஒரு நாளும் இடிச்சதில்லையே.”

“இது சார் இல்லம்மா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஈரத் தரையைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்திருந்த பெண்ணை, அவள் நனைந்த பாவாடையை, கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார்.

“அம்மா,” என்றாள் ஜெனி. “உனக்காகத்தாம்மா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அவள் முன் மண்டியிட்டார். இமையை இழுத்துப் பார்த்தார். கழுத்தைத் திருப்பினார். சீட் பெல்ட் அழுத்தும் தோள் எலும்பை, விலாவை, அடிவயிற்றை ஒவ்வொன்றாக அழுத்தினார். “இங்க வலிக்குதா? இங்க? மூச்சை இழு.” வார்டில் பேசும் குரல். அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. பாதம் வரைக்கும் பார்த்து முடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தார்.

“எத்தனை தடவை?”

“நாலஞ்சு.”

“எல்லாமே நீதானா?”

ஜெனி என் பக்கம் பார்த்தாள். நான் சிராய்ப்பைக் காட்டியவன். ஆளைக் கொல்லக்கூடியதை மறைக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்திருந்தேன். அந்த முதல் மாதத்துத் தூசு யாரையும் கொல்லாது. இதை அவள்தான் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன்.

“ஆமாம்மா,” என்றாள். “எல்லாமே நான்தான்.”

சிஸ்டர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சாவி இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். “நல்லவங்க யாராவது கேட்டா சொல்லுங்கண்ணா. வித்துடலாம்.” பிறகு வண்டியைப் பார்க்காமலே, “எல்லாத்தையும் கழுவிடுங்க. இடது பக்கமும்,” என்றார்.

சேகர் பைப்பை எடுத்தான்.

“இன்னும் சூடா இருக்கும்மா,” என்றாள் ஜெனி.

அதனால் காத்திருந்தோம். நான்கு பேரும் அந்த போர்டிகோ தரையில் உட்கார்ந்திருந்தோம். டிக் என்ற சத்தம் வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு அதைவிட நீண்ட இடைவெளி. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு முறையும் நாங்கள் நால்வரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வாசனை மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது.

சிஸ்டர் சக்கரத்தருகே நகர்ந்து உட்கார்ந்து, காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பதுபோல உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். சுட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“ஆறிடுச்சு,” என்றார் கடைசியில். “ஊத்துங்க.”

சேகர் என்னைப் பார்த்தான். கையை எடுக்கச் சொல்லட்டுமா என்ற கேள்வி. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் குழாயை மெதுவாகத் திறந்தான். கறுப்புத் தண்ணீர் அவர் விரல்களின் இடுக்கு வழியாக இறங்கி கேட்டை நோக்கி ஓடியது.